மூன்று ஜோடி வளையல்

தங்கம் வாங்கப் போனால் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். குடிக்க என்ன வேண்டும் என்று மூன்று பேர் கேட்பார்கள். அதே தங்கத்தை விற்கப் போய்ப் பாருங்கள். முதலில் உங்கள் முகத்தைப் பார்ப்பான், அடுத்தது பையைப் பார்ப்பான், அப்புறம் உங்களுக்குப் பின்னால் ஆம்பளை யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்ப்பான். திருநெல்வேலி டவுனில் நான் ஏறின முதல் கடையில் இதுதான் நடந்தது. வீட்டில் அண்ணாச்சி வரவில்லையா என்று கேட்டான் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றவன். அண்ணாச்சி வெளியே வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். வராவிட்டால்தான் என்ன? நகை என்னுடையது. கை என்னுடையது. இருபது வருஷத்துக்கு மேலாக அந்தக் கையில் தழும்பு போட்டுக் கிடந்த வளையலும் என்னுடையது. இதற்கு எதற்கு அண்ணாச்சி?

எங்கள் கடையில் எடுத்த நகையா, பில் இருக்கிறதா என்று அடுத்த கேள்வி. இல்லை என்றேன். அப்படியானால் ரொக்கம் கிடையாது, அந்தத் தொகைக்குப் புது நகை எடுத்துக்கொள்ளலாம் என்றான். எனக்கு நகை வேண்டாம், அதனால்தானே விற்க வந்திருக்கிறேன் என்று சொன்னதற்கு அவன் பார்த்த பார்வை இருக்கிறதே, செருப்போடு கோயிலுக்குள் நுழைந்தவளைப் பார்க்கிற பார்வை. ஒரு பொம்பளைக்கு நகை வேண்டாமல் போகும் என்பதை அவனால் நம்பவே முடியவில்லை. பையை எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

எனக்கு வீடு வேண்டும். நகை வேண்டாம், வீடு வேண்டும். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

பாளையங்கோட்டையில் ஒரு காம்பவுண்டுக்குள் கடைசி வீடு எங்களுடையது. எங்களுடையது என்று சொல்லக் கூடாது, அப்போது வாடகைக்கு இருந்தோம். இரண்டு அறை, ஒரு அடுப்படி, பின்னால் துணி துவைக்கச் சின்ன இடம். அதில் பதினாலு வருஷம் இருந்தாயிற்று. அதற்கு முந்தின பதிமூன்று வருஷத்தில் ஆறு வீடு மாறியிருக்கிறோம். ஒரு வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் என்று காலி செய்யச் சொன்னார். இன்னொரு வீட்டில் தண்ணீர் அதிகம் செலவழிக்கிறோம் என்று சண்டை. இன்னொருத்தி எங்கள் வீட்டில் கருவாடு மணக்கிறது என்று சொல்லி அனுப்பினாள். ஒவ்வொரு தடவையும் சாமானைத் தட்டு வண்டியில் ஏற்றி, தெருவே வேடிக்கை பார்க்க, பின்னால் நடந்து போனவள் நான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வீட்டு உரிமையாளரம்மா பெங்களூருக்கு மகள் வீட்டோடு போய்விட்டார். வீட்டைக் கொடுத்துவிடப் போகிறேன், இத்தனை வருஷம் இருந்ததால் முதலில் உங்களிடம் கேட்கிறேன் என்று போன் பண்ணினார். விலையும் நியாயமான விலைதான். என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். அவர்களுடைய சொசைட்டிக் கடனும், நான் கட்டி வைத்திருந்த சீட்டும் சேர்ந்தால் பெரும்பகுதி வந்துவிடும். முன்பணம்தான் துண்டு விழுந்தது. மாசக் கடைசிக்குள் அது கைக்கு வராவிட்டால் பக்கத்து வீட்டுக்காரன் வாங்கி, இடித்து, கார் நிறுத்த ஷெட் போடத் தயாராக இருந்தான். நான் சமைத்துக் குழம்பு தாளித்த இடத்தில் அவன் காரை நிறுத்துவதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிந்தது.

அதனால்தான் வளையல். எனக்குக் கல்யாணத்துக்கு அப்பா போட்டது முப்பது பவுன். ஆரம், சங்கிலி, நெக்லஸ், கம்மல் எல்லாம் மகன் படிப்புக்கும் இவர் கால் ஒடிந்து கிடந்ததற்கும் போய்விட்டது. மிஞ்சினது மூன்று ஜோடி வளையல். ஒன்று இரண்டு பவுன், ஆக மொத்தம் பன்னிரண்டு. குழாய் மாதிரி தடித்த வளையல், ஒரு பூ கிடையாது, கல் கிடையாது. எனக்குப் பிடித்ததே இல்லை. ஆனால் எத்தனை நெருக்கடி வந்தாலும் என் மாமியார் அதை மட்டும் அடகு வைக்க விட்டதில்லை. ஆரத்தை வை, சங்கிலியை வை, வளையலைத் தொடாதே, கை மூளியாக இருக்கக் கூடாது என்பாள். மகளுக்குக் கல்யாணம் என்று என்னிடம் இரவல் வாங்கினபோதும் ஆரத்தைத்தான் கேட்டாள். வளையலை நானே கழற்றி நீட்டினேன், அது வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் அப்பா செய்து போட்ட நகை இவளுக்கு இளக்காரமா என்று அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை. அதை மனசில் வைத்து எத்தனை வருஷம் அவளைக் கரித்துக் கொட்டியிருக்கிறேன்.

ஜங்ஷனில் ஒரு மாடியில், பழைய நகைக்கு உடனே பணம் என்று போர்டு போட்ட இடத்துக்குப் போனோம். ஆதார் கேட்டார்கள், பான் கார்டு கேட்டார்கள், எதற்காக விற்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வாங்கினார்கள், சுவரோடு நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். திருட்டு நகை விற்க வந்தவளை ஸ்டேஷனில்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள். போட்டோவில் நான் முறைத்துக்கொண்டுதான் இருப்பேன். இவர் பக்கத்தில்தான் நின்றார். எங்கே போனாலும் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நிற்பது இவர் வழக்கம்.

நகை பார்க்கிறவர் நடுத்தர வயசுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். வளையலை மெஷினில் வைத்தார். இருபத்திரண்டு காரட் என்று காட்டியது. எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் அதை எடுத்துக் கையில் உருட்டிப் பார்த்தார், தராசில் வைத்தார், மறுபடி கையில் எடுத்தார். இந்த எடைக்கு வளையல் இவ்வளவு பருமனாக இருக்கக் கூடாது, மெஷின் மேலே இருப்பதைத்தான் காட்டும், வெட்டித்தான் பார்க்க வேண்டும், சம்மதமா என்று கேட்டார். வெட்டுங்கள் என்றேன். எனக்கு என்ன பயம்? என் அப்பா போட்ட நகை.

வெட்டினார். வெட்டின முனையை விளக்குக்கு நேராகப் பிடித்து என் பக்கம் திருப்பினார். ஓரத்தில் மட்டும் மஞ்சள் வளையம். நடுவில் வெள்ளை.

"உள்ள வெள்ளிக்கா. மேல நல்ல தடியாத் தகடு போட்டு மூடியிருக்கு. அந்தக் காலத்து ஆசாரி வேலை. ஒட்டு எங்கன இருக்குன்னே தெரியல பாருங்க" என்றார்.

பாராட்டுகிறார். என் தலையில் மிளகாய் அரைத்தவனின் கைவேலையை என்னிடமே பாராட்டுகிறார். மற்ற ஐந்தையும் உட்பக்கம் அரத்தால் ராவிப் பார்த்தார். ஐந்தும் அப்படித்தான். எல்லாம் சேர்த்து இரண்டு பவுன் விலைகூடத் தேறாது என்றார்.

நான் இவர் பக்கம் திரும்பினேன். அது உங்கள் அம்மா வேலைதான் என்று அங்கேயே, அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். வேறு யார்? கல்யாணமான புதிதில் என் நகை ஆறு வருஷம் அவள் பீரோவில்தானே இருந்தது. வளையலை அடகு வைக்காதே வைக்காதே என்று அவள் அடித்துக்கொண்டது இப்போதுதானே புரிகிறது. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று இவர் என் கையைப் பிடித்தார். நான் உதறினேன். ஜங்ஷனிலிருந்து ஆற்றுப் பாலம் தாண்டிப் பாளையங்கோட்டை வருகிற வரைக்கும் வண்டியின் பின்னால் உட்கார்ந்து அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். இவர் ஹெல்மெட் போட்டிருந்தார். எவ்வளவு கேட்டதோ தெரியாது.

மாமியாருக்கு எண்பது வயசு. கட்டிலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்டின வளையலை அவள் மடியில் போட்டேன். என் தங்கத்தை எடுத்துக்கொண்டு இதைத் தந்தாயா, உன் மகளுக்குச் செய்து போட்டாயா என்று கேட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இன்னும் என்னென்னவோ கேட்டேன். அவள் வளையலை எடுத்துப் பார்த்தாள். கொஞ்சம்கூட ஆச்சரியப்படவில்லை.

"உங்க அப்பன்கிட்டப் போய்க் கேளு. அவருதான் போயிட்டாரே, உங்க அண்ணன்கிட்டப் போய்க் கேளு" என்றாள்.

பிறகு சொன்னாள். கல்யாணம் முடிந்த மறுமாதமே, ஒரு வளையல் நெளிந்திருந்ததென்று அவளுக்குத் தெரிந்த ஆசாரியிடம் கொடுத்தாளாம். அவர் பார்த்ததுமே சொல்லிவிட்டாராம். அவள் என் அப்பாவுக்கு ஆள் அனுப்பினாளாம். அப்பா வந்து, பின்வாசலில் நின்றுகொண்டு, வயலில் அந்தப் போகம் விளைச்சல் இல்லை, பன்னிரண்டு பவுனுக்கு வேறு வழி தெரியவில்லை, அடுத்த அறுவடை முடிந்ததும் மாற்றித் தந்துவிடுகிறேன், மகளுக்குத் தெரிய வேண்டாம் என்று கெஞ்சினாராம். அதற்கப்புறம் எத்தனை அறுவடை போயிற்று. மாற்றித் தரவில்லை. போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா? நீ பொட்டியத் தூக்கிட்டுப் போயிருப்ப. எம் மவனுக்கு வேற பொண்ணு எவன் குடுப்பான்? ஊரு சிரிக்கும்லா. அதான் அடகு வைக்க விடல. ஒம்மேல உள்ள பிரியத்துலன்னு நினைச்சுக்கிடாத."

எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டு போய் வைப்பது என்று தெரியவில்லை. அவள்மேல் காட்ட முடியாது. செத்தவர்மேல் எப்படிக் காட்டுவது? இருபத்தேழு வருஷம், என் அப்பா முப்பது பவுன் போட்டார் என்று இந்த வீட்டில் நிமிர்ந்து நடந்தேனே. ஒவ்வொரு சண்டையிலும் அதைச் சொல்லிக் காட்டினேனே. அவள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, போடி உன் வெள்ளி வளையலும் நீயும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்டாளே என்று அதற்கும் சேர்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் டிவி சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது. அதைச் சொன்னால் என்னைத்தான் திட்டுவீர்கள். திட்டுங்கள். நான் பத்திரம் எழுதுகிறவர் ஆபீசில் டைப் அடிக்கிறவள். பத்தொன்பது வருஷமாக அந்த வேலை. விடுதலைப் பத்திரம் எத்தனை அடித்திருப்பேன் என்று கணக்கே கிடையாது. அக்கா தங்கச்சி எல்லாரும் வரிசையாக வந்து, அப்பா சொத்தில் எங்களுக்குப் பங்கு வேண்டாம் என்று அண்ணன் தம்பிக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதில் ஒரு வாசகம் எப்போதும் வரும். 'எனக்குத் திருமணக் காலத்தில் தகப்பனார் இத்தனை பவுன் நகையும் சீர்வரிசையும் செய்து கொடுத்துவிட்டபடியால், மேற்படி சொத்தில் எனக்கு யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை.' கையெழுத்துப் போடத் தயங்குகிற பொம்பளைகளிடம் நானே சொல்லியிருக்கிறேன், பிறந்த வீட்டு உறவு வேண்டாமா அக்கா, நாளைக்கு நல்லது கெட்டதுக்கு யார் வருவார்கள் என்று.

அப்பா இறந்த மறுவருஷம் அண்ணன் வந்தான். சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் வயல், கால்வாய்ப் பாசனம், இரண்டு போகம் விளைகிற மண். அந்தப் பத்திரத்தை நானே அடித்தேன். எனக்குப் போட்டது முப்பது பவுன் என்று என் விரலாலேயே அடித்தேன். கூலிகூட வாங்கவில்லை. அண்ணன் புரோட்டா வாங்கித் தந்தான், சந்தோஷமாகச் சாப்பிட்டேன். ஊரில் உள்ள பொம்பளைகளுக்கெல்லாம் பத்திரம் அடிக்கிறவள், தன் பத்திரத்தில் பொய் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. இதைவிடக் கேவலம் உண்டா?

அந்த ஞாயிற்றுக்கிழமை சேரன்மகாதேவி பஸ்ஸில் ஏறினேன். இவர் வரட்டுமா என்றார், வேண்டாம் என்றேன். போகிற வழியில் எங்கள் வயலைப் பார்த்தேன். வயல் எங்கே இருக்கிறது? வெள்ளையடித்த கல் நட்டு, மனை மனையாகப் பிரித்து, கொடி கட்டியிருந்தது. விற்றுவிட்டான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

அண்ணன் வீட்டில் புதுச் சுண்ணாம்பு வாடை. அவன் மகளுக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருந்தது. "வாளா, வா வா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். மதினி காப்பி போடப் போனாள். நான் டிபன் டப்பாவைத் திறந்து ஆறு வளையலையும் மேஜையில் வைத்தேன். வெட்டின வளையலை மேலே வைத்தேன்.

அவனும் ஆச்சரியப்படவில்லை. எனக்கு அதிலேயே தெரிந்துவிட்டது. அப்பா கடைசியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சொல்லிவிட்டுத்தான் போனாராம், தங்கச்சிக்குப் பன்னிரண்டு பவுன் மாற்றிக் கொடுத்துவிடு என்று. கொடுக்க வேண்டும் என்றுதான் இருந்தானாம். பண முடையாம். வயலை விற்ற பணம் கல்யாணத்துக்கே போதவில்லையாம். அப்படியானால் பத்திரத்தில் முப்பது பவுன் என்று எழுதும்போது வாயை மூடிக்கொண்டு புரோட்டா தின்றாயே, அப்போது உனக்கு உறுத்தவில்லையா என்று கேட்டேன்.

"நானா எழுதச் சொன்னேன்? நீதானளா டைப் அடிச்ச" என்றான்.

அவன் அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்கிற மாதிரி சொன்னான். பாளையங்கோட்டையில் எனக்குத் தெரியாத வக்கீல் இல்லை, ஏமாற்றி வாங்கின பத்திரம் செல்லாது, கோர்ட்டில் இழுத்து நிறுத்துகிறேன், அந்த மனைகளில் ஒரு கல்லை நகர்த்த முடியாது என்று சொன்னேன். அவன் யோசித்தான். வழக்குப் போட்டால் தீர்ப்பு எப்போது வரும் என்று உனக்குத் தெரியாதா, உனக்குப் பணம் மாசக் கடைசிக்கல்லவா வேண்டும் என்றான். வீட்டு விஷயம் அவனுக்குத் தெரியும், நானே போனில் சந்தோஷமாகச் சொல்லியிருந்தேன். அடுத்து பேரம் பேச ஆரம்பித்தான். பன்னிரண்டுக்கும் முடியாது, எட்டுப் பவுனுக்கு உண்டான பணத்தை நாளைக்கே கொண்டு வந்து தருகிறேன் என்றான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். முன்பணத்துக்குச் சரியாக இருந்தது. தொலையட்டும், சரி என்று எழுந்தேன். வளையலை அள்ளி டப்பாவில் போடப் போனேன்.

"அதை இங்கன வச்சுட்டுப் போ" என்றான்.

எதற்கு என்று கேட்டேன். அவன் அடுப்படிப் பக்கம் பார்த்தான். காப்பியோடு வந்த மதினி என் முகத்தைப் பார்க்காமல் தம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனாள். பிறகு அவன் பைய சொன்னான், மாப்பிள்ளை வீட்டில் அறுபது கேட்டிருக்கிறார்கள், நாற்பத்தெட்டுதான் தேறியிருக்கிறது என்று. வெட்டினதை ஆசாரியிடம் கொடுத்து ஒட்டிக்கொள்ளலாமாம். பாலிஷ் போட்டால் புதுசு மாதிரி ஆகிவிடுமாம்.

எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. விளங்கினதும் காறித் துப்பலாம் போலிருந்தது. எனக்குச் செய்தது போதாதென்று பெற்ற மகளுக்குமா? அவள் நாளைக்கு இதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், அத்தனை பேர் முன்னால் நிற்க வேண்டுமா? அவள் பெயரைச் சொல்லிச் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். உள் அறையிலிருந்து வந்தாள். இருபத்தேழு வயசு, பி.எட். முடித்து ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவள், கெட்டிக்காரி. வெட்டின வளையலை அவள் கையில் கொடுத்தேன். பார், உள்ளே வெள்ளி, உன் தாத்தா எனக்குப் போட்டது, உன் அப்பா உனக்குப் போடப் போவதும் இதுதான் என்று சொன்னேன். அவள் அப்பனை நாலு கேள்வி கேட்பாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் வெட்டின முனையை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"குடுத்துருங்க அத்தே" என்றாள்.

உனக்குப் புத்தி இருக்கா, உன் மாமியாருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"தெரியும்போது தெரியட்டும். இது மூணாவது எடம். முந்தி வந்த ரெண்டும் நகையிலதான் முட்டி நின்னுச்சு. இதுவும் போச்சுன்னா அப்பா என்னை ஒண்ணும் சொல்ல மாட்டாவ. ஸ்கூல்ல, தெருவுல, நான்தான் எல்லார் மூஞ்சியிலயும் முழிக்கணும். குடுத்துட்டுப் போங்க அத்தே."

நான் டப்பாவை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம். அறுபது பவுன் கேட்கிறவன் வீட்டுக்கு நேராகப் போய் அவன் முகத்தில் இந்த ஆறையும் எறிந்திருக்கலாம். இத்தனை கோபம் இருந்ததே, ஏதாவது ஒன்று செய்திருக்கலாம். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? மாசக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுக்காரனின் காரை நினைத்தேன். வளையலை மேஜையிலேயே விட்டுவிட்டு, காப்பியைக் குடிக்காமல் வந்தேன். காப்பியைக் குடிக்கவில்லை, அவ்வளவுதான் என் ரோஷம்.

மறுநாள் சாயங்காலம் அண்ணன் பணத்தோடு ஆபீசுக்கே வந்தான். மாசக் கடைசிக்கு முன்னால் முன்பணம் கொடுத்தோம். இரண்டு மாதத்தில் கிரயம் முடிந்தது. பத்திரத்தை நான்தான் அடித்தேன், என் பெயரில். இவர் தன் பெயரையும் சேர்க்கச் சொல்லவில்லை. பால் காய்ச்சின அன்றைக்கு மாமியார் புதுச் சேலை கட்டிக்கொண்டு வாசலில் நின்று எல்லாரையும் வாங்க வாங்க என்றாள். வளையல் எங்கே போயிற்று என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும்.

தையில் கல்யாணம். முந்தின நாள் மண்டபத்தில் நகை பார்க்கிற சடங்கு. தாம்பாளத்தில் எல்லா நகையையும் பரப்பி வைத்து, இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் சுற்றி உட்கார்ந்து, மாப்பிள்ளையின் தாய்மாமன் சின்னத் தராசில் ஒவ்வொன்றாக வைத்தார். நகையில் பொடி எழுத்தில் முத்திரை நம்பர் இருக்குமே, அதை லென்ஸ் வைத்துப் படித்து ஒருத்தர் நோட்டில் எழுதினார். எல்லாம் புது நகை, எல்லாவற்றிலும் நம்பர் இருந்தது. வளையல் வந்தது. பாலிஷில் பளபளத்தது. வெட்டின இடம் எது என்று எனக்கே தெரியவில்லை. தாய்மாமன் உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் முத்திரை இல்லையே என்றார்.

சரி, இன்றைக்கு உடைந்துவிடும், உடையட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அண்ணன் அசரவில்லை.

"அது அத்தை சீரு. எந் தங்கச்சி போட்டது. அவ கல்யாணத்துக்கு எங்க அப்பா செஞ்ச வளையலு. அந்தக் காலத்துல முத்திரை ஏது அண்ணாச்சி?" என்றான்.

மண்டபமே என் பக்கம் திரும்பியது. மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். இந்தக் காலத்தில் எந்த அத்தை பன்னிரண்டு பவுன் கழற்றிப் போடுவாள் என்று கண் கலங்கினாள். தாய்மாமன் தலையை ஆட்டிக்கொண்டே வளையலைத் தராசில் வைத்தார், எடையைச் சொன்னார், நோட்டில் எழுதினார்கள். எழுதினவர் என் பெயரைக் கேட்டு, அதையும் பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்றைக்காவது அந்த வளையலை ஒருவன் வெட்டுவான். அன்றைக்கு என் அண்ணன் கையை விரித்து, எனக்கென்ன தெரியும், தங்கச்சி போட்டது என்பான். எட்டுப் பவுன் விலை எனக்குக் கொடுத்தது அதற்கும் சேர்த்துத்தான். படுபாவி, எவ்வளவு யோசித்திருக்கிறான். நான் அவனைப் பார்த்தேன். அவன் தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரர் வழக்கம்போல் கொழுக்கட்டை. உள்ளே மணப்பெண் அறையின் வாசலில் அண்ணன் மகள் நின்றிருந்தாள், என் வாயையே பார்த்துக்கொண்டு.

"எம் மருமவளுக்குப் போடாம யாருக்குப் போடப் போறேன்" என்றேன்.

அதை நான்தான் சொன்னேன். யாரும் அடித்துச் சொல்லச் சொல்லவில்லை. எல்லாரும் சிரித்தார்கள், சந்தோஷப்பட்டார்கள், சந்தனம் எடுத்துக்கொண்டார்கள். சாப்பாட்டுப் பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் என்னை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள்.

வளையல் இப்போது அண்ணன் மகளின் மாமியார் லாக்கரில் இருக்கிறது. மாப்பிள்ளை வள்ளியூரில் கடை போட இடம் பார்க்கிறாராம், நகையைப் பேங்கில் அடகு வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு அடிபடுகிறதாம். போன வாரம் போனில் சொன்னாள். பேங்க்காரன் ராவிப் பார்க்காமல் பணம் தருவானா? போனை வைத்ததிலிருந்து வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கிறேன். வாடகை வீடாக இருந்திருந்தால் ராவோடு ராவாகக் காலி செய்துவிட்டுப் போயிருக்கலாம், எங்கே போனோம் என்று ஒருவனுக்கும் தெரியாது. சொந்த வீட்டை வைத்துக்கொண்டு எங்கே போவது? தேடி வருகிறவர்கள் யாரிடமும் வழி கேட்கக்கூட வேண்டாம். கேட்டுக்குப் பக்கத்தில், நல்ல பெரிய எழுத்தில், என் பெயரைப் போட்டுப் பலகை மாட்டி வைத்திருக்கிறார் இவர்.